படம் வரையக் கற்றுத்தரும் விளையாட்டும், பார்த்துச் சொல்ல ஓர் ஆளும்

(கோடை விடுமுறைக்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தபோது, நம்மில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “செல்போனைக் கையிலிருந்து பிடுங்குவதே எங்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. நீங்கள் வீடியோ கேமைக் காட்டி வகுப்பு எடுக்கப் போகிறோம் என்கிறீர்களே, இது என்ன நியாயம்?” நியாயமான கேள்விதான். வில்லியனூரிலும் சரி, பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் சரி, அஸருக்குப் பிறகு திண்ணையில் வரிசையாகக் குனிந்திருக்கும் தலைகளைப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கேள்வி எழும். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு உங்களைக் கூட்டினோம்.

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பேசுவது சுடுகிற விளையாட்டைப் பற்றியோ, காசு கட்டி நகை வாங்குகிற விளையாட்டைப் பற்றியோ அல்ல. ‘ஆர்ட் அகாடமி’ என்று ஒன்று. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்துக்காக லண்டனில் இருந்த ஹெட்ஸ்ட்ராங் கேம்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 2009-இல் இரண்டு பகுதிகளாக இறக்கிக்கொள்ளும்படி வந்தது. 2010-இல் அதைப் பெரிதாக்கி, தீப்பெட்டியைவிடச் சிறிய அட்டையாகக் கடைகளில் விற்றார்கள். அந்த அட்டையைச் செருகுகிற கருவிக்கு நின்டெண்டோ டிஎஸ் என்று பெயர். புத்தகம் போல விரிந்து மூடும். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரையைத் தொட்டு எழுத ஒரு குச்சி கூடவே வரும். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்சில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டோடு இதையும் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது.

பாகூர் கொம்யூனில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. வந்த குடும்பம் திரும்பிப் போகும்போது பழைய கருவியை எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போய்விட்டது. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவள் தாயாரோடு நம் அலுவலகத்துக்கு வந்தபோது, நோட்டுக்குள்ளிருந்து நாலைந்து தாள்கள் கீழே விழுந்தன. எல்லாம் பென்சில் படங்கள். பித்தளைக் குடம், கொய்யாப்பழம், கதவின் தாழ்ப்பாள். “எங்கே கற்றுக்கொண்டாய் அம்மா?” என்று கேட்டோம். “கேம்ல, மாமா” என்றாள். தாயார் முகத்தில் வெட்கம். பிள்ளையை ஏதோ தப்பான இடத்தில் பிடித்துவிட்டோம் என்பது போல.

அந்தக் கருவியை வாங்கி நாங்களும் பார்த்தோம். செயலாளர், பொருளாளர், கணக்குப் பார்க்கிற தம்பி, மூவரும். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துவிடுகிறோம்.

அதில் வின்ஸ் என்று ஓர் ஓவிய ஆசிரியர் வருகிறார். கார்ட்டூன் மனிதர்தான். முதலில் வரையச் சொல்வது ஓர் ஆப்பிள். எடுத்தவுடன் வண்ணம் பூச விடுவதில்லை. மேல்திரையில் பழத்தின் படம் நிற்கும். அதன்மேல் கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம். கீழே உங்கள் வெற்றுத் தாளிலும் அதே கட்டங்கள். மேலே எந்தக் கட்டத்தில் கோடு நுழைந்து எந்தக் கட்டத்தில் வெளியேறுகிறதோ, கீழேயும் அப்படியே கொண்டுபோக வேண்டும். உருவம் வந்த பிறகுதான் ஒளி எங்கிருந்து விழுகிறது, எந்தப் பக்கம் இருட்டு, தரையில் நிழல் எப்படிக் கிடக்கிறது என்று போகும். பிறகு வண்ணம். தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து வண்ணத்தை நீர்க்கச் செய்யலாம், இரண்டு நிறங்களைக் குழைத்து மூன்றாவது எடுக்கலாம். ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி. அவசரப்படுத்துகிற கடிகாரம் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை. எதிரி இல்லை, சாவு இல்லை, “இன்னும் ஐம்பது ரூபாய் கட்டினால் அடுத்த பாடம்” என்ற வியாபாரமும் இல்லை. இணையமே வேண்டாம்.

அந்தக் கட்டம் போடுகிற வேலையைப் பார்த்ததும் எங்களில் வயது கூடியவர்களுக்குச் சட்டென்று ஒரு ஞாபகம் வந்தது. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் தியேட்டர் பேனர் எழுதியவர்கள் இதைத்தானே செய்தார்கள்! உள்ளங்கை அளவு போட்டோவில் நூல் பிடித்தாற்போலச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, இருபது அடித் துணியிலும் அதே எண்ணிக்கையில் சதுரம் போட்டு, ஒவ்வொரு சதுரமாக ஏற்றுவார்கள். லண்டன்காரர்கள் கருவிக்குள் வைத்தது நம் ஊர்ச் சாரத்தின்மேல் நின்றுகொண்டு லுங்கியோடு ஒருவர் செய்த அதே வேலை. இப்படிச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் உண்மை அதுதான்.

இப்போது அந்தக் கொய்யாப்பழத்துக்கு வருகிறோம். ஆப்பிள் பாடத்தை முடித்த பிள்ளை, கருவியை மூடி வைத்துவிட்டு, வீட்டுக் கொய்யா ஒன்றைச் சன்னல் ஓரம் வைத்து, அதே முறையில் தாளில் வரைந்திருக்கிறாள். எங்கள் பார்வைக்குச் சிறப்பாகவே இருந்தது. உருண்டை தெரிந்தது, காம்பு தெரிந்தது, வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று எங்களால் சொல்ல முடியவில்லை. நாங்கள் மதரஸாவில் கிதாபும் கல்லூரியில் வணிகவியலும் படித்தவர்கள். ஓவியத்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவு எட்டாம் வகுப்போடு முடிந்தது.

நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் கடைப் பலகைகள், லாரிகளின் பின்பக்கம், கல்யாண வளைவுகள் என்று எல்லாம் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அவர் தூரிகையை வாங்கி வைத்துவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவரை அழைத்துத் தாளைக் கொடுத்தோம். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பிள்ளையிடம் கேட்டார்:

“பாப்பா, பழம் தரையில உக்காந்திருக்கா, பறக்குதா?”

அவள் பதில் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை வாங்கி, பழமும் தரையும் ஒட்டுகிற இடத்தில், நிழலுக்கு உள்ளே, இன்னும் அழுத்தமாக ஒரு சிறு கோடு இழுத்தாள். அவ்வளவுதான். பழம் உட்கார்ந்துவிட்டது. அங்கே நின்றிருந்த எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்தோம்.

சகோதரர்களே, இந்த விளையாட்டின் பெருமையும் குறையும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. வின்ஸ் ஆசிரியர் நிழலைப் பற்றி நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் அவர் உங்கள் பிள்ளையின் படத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க அவருக்குக் கண் இல்லை. பிள்ளை ஆப்பிளை ஆப்பிளாக வரைந்தாலும், கோணல் கத்தரிக்காயாக வரைந்தாலும், அவர் பாராட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அதனால்தான் பயந்த பிள்ளைகூட அவரிடம் தைரியமாக வரைகிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் “இது என்னடா, யானையா பூனையா” என்று கேட்டுக் கேட்டே பென்சிலைக் கீழே போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! திட்டாத ஆசிரியர் ஒருவர் தொடக்கத்துக்கு நல்லவர். தொடக்கத்துக்கு மட்டும். அதன் பிறகு, “இந்தக் கோடு இங்கே இல்லை, அங்கே” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். குர்ஆன் ஓதக் கற்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒலிநாடாவையும் செல்போனையும் கேட்டு ஆயிரம் தடவை ஓதலாம். மக்ரஜ் சரியாக விழுந்ததா என்று சொல்ல எதிரே ஹஜ்ரத் உட்கார்ந்து காதால் கேட்க வேண்டும்.

மார்க்க விஷயத்தையும் பேசாமல் நகர முடியாது. படம் வரைவது கூடுமா என்று தாய்மார்கள் சிலர் தனியாக வந்து கேட்டார்கள். கேட்டதற்கு நன்றி. மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தடுப்பதைவிடக் கேட்பது மேல். ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி இருக்கிறது. கையால் உருவங்கள் செய்து பிழைக்கிற ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். உருவம் செய்வதைப் பற்றிய எச்சரிக்கையைச் சொன்ன பிறகு, செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரில்லாத பொருள்களையும் செய் என்று அவர்கள் வழிகாட்டுகிறார்கள். உயிருள்ளவற்றின் படம், நிழற்படம், பாடத்துக்கான படம் இவற்றைப் பற்றி ஆலிம்களிடையே விரிவான பேச்சு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல, நம் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பின் எல்லை மட்டும் எல்லோருக்கும் தெளிவாக இருக்கட்டும்: பழம், பாத்திரம், மரம், வீடு, ஏரிக்கரை, எழுத்து, கோலவடிவம். இதே வரிசையில் 2014-இல் ‘போக்கிமான் ஆர்ட் அகாடமி’ என்று ஒன்று வந்திருக்கிறது. அது முழுக்கக் கற்பனைப் பிராணிகளை வரையவைப்பது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது நம் வகுப்பில் இல்லை.

உயிருருவம் இல்லாமல் ஓவியத்தில் என்ன மிஞ்சும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிக்குப் போய்வாருங்கள். திராவிடக் கட்டட முறையில் எழுந்த கல் தூண்கள். தூண்களில் பூவும் கொடியும் கணக்கு வடிவங்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். உருவம் எங்கும் கிடையாது, அழகுக்கும் குறைவில்லை. அந்த வடிவங்களில் ஒன்றை உங்கள் பிள்ளை இன்றிரவே போடலாம். காம்பஸில் ஒரு வட்டம் போடுங்கள். விரிவை மாற்றாமல், வட்டத்தின்மேலேயே முள்ளை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டே போனால், சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். ஒன்று விட்டு ஒன்றாக அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம், மீதிப் புள்ளிகளைச் சேர்த்தால் எதிர் முக்கோணம், இரண்டும் சேர்ந்து ஆறுமுனை நட்சத்திரம். பள்ளிவாசல் சன்னல்களில் நாம் பார்க்கிற பின்னல் வேலைகள் பலவற்றுக்கு இப்படியொரு வட்டம்தான் தொடக்கம்.

ஒளியும் நிழலும் பற்றிச் சொன்னோம். அந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைக்காமல் இருப்பது நன்றிகெட்டதனம். பஸ்ராவில் 965 வாக்கில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ‘கிதாபுல் மனாளிர்’ என்ற ஏழு பாகப் பெரும் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று பழைய அறிஞர்கள் பலர் நம்பியிருந்தார்கள். அப்படியல்ல, பொருளிலிருந்து வருகிற ஒளி கண்ணில் விழுவதால்தான் பார்க்கிறோம் என்று அவர் சோதனைகளோடு காட்டினார். அந்த நூல் லத்தீனுக்கும் பின்னர் இத்தாலிய மொழிக்கும் போனது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி கிபெர்ட்டி அதிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். சன்னல் ஓரம் வைத்த கொய்யாவின் எந்தப் பக்கம் வெளுக்கும், எந்தப் பக்கம் கறுக்கும் என்று நம் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அது அந்தப் பெரியவர் தொடங்கிவைத்த பாடம்தான்.

சரி, சோறு போடுமா என்ற கேள்வி. அதுவும் கேட்கப்பட்டது, ஆண்கள் பக்கத்திலிருந்து. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் சேரக்கூடிய சிவில் வரைவாளர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. வளைகுடாவில் வேலை தேடுகிற நம் பையன்கள் எல்லோரும் ஓட்டுநர், விற்பனையாளர் என்றே ஏன் போக வேண்டும்? கட்டடக் கலைப் பட்டத்துக்கு எழுதுகிற ‘நாட்டா’ தேர்வில் கையால் வரைகிற பகுதி உண்டு. ஓவியத்தையே பட்டப் படிப்பாக எடுக்க நினைத்தால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, பாகூர்க்காரர்களுக்குப் பேருந்து ஏறினால் வந்துவிடும் தூரம். ஆரி வேலை செய்கிற பெண்கள், மருதாணி வைக்கிற பெண்கள், கிரில் கேட் வளைக்கிற பட்டறைக்காரர்கள், இவர்கள் எல்லோரும் வேறொருவர் போட்ட டிசைனைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தானே போடத் தெரிந்தவருக்குக் கூலி வேறு. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நம் கொம்யூன்களின் மண்ணுக்குக் கைவேலை புதிதல்ல.

ஆனாலும் இதை வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் பூவின் வெட்டுத் தோற்றம் வரையத் தெரியாமல் மதிப்பெண் இழக்கிற பிள்ளைகள் உண்டு, அது ஒரு பக்கம். ஒரு பொருளை அரைமணி நேரம் விடாமல் பார்க்கிற பழக்கம் இன்னொரு பக்கம். இன்றைக்குச் செல்போனில் நாலு வார்த்தை எழுதினால் அதுவே படம் போட்டுக் கொடுக்கிறது. கொடுக்கட்டும். பிள்ளை எதையும் பார்க்கவில்லையே! கதவின் தாழ்ப்பாளை வரைந்த அந்தப் பெண், பிறந்ததிலிருந்து கையால் தொடுகிற தாழ்ப்பாளில் ஓர் ஆணி இல்லை என்பதை வரைந்தபோதுதான் கண்டேன் என்றாள்.

யாரும் இந்தக் கருவியைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். பழைய கருவி அது. அதற்குப் பின்வந்த 3டிஎஸ் கருவியின் இணையக் கடையையே அந்த நிறுவனம் 2023 மார்ச்சில் மூடிவிட்டது. பிரான்சிலோ வளைகுடாவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுப் பரணில் சும்மா கிடந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், வகுப்புக்கு இரவல் வாங்கிக்கொள்கிறோம். பாடம் ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும்தான் பேசும். தமிழ் கிடையாது. கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கருவி ஒன்றுதான் என்பதால் அதைத் திரைச் சுவரில் பெரிதாகக் காட்ட வழியில்லை. ஐந்தைந்து பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரு படியைப் பார்ப்பார்கள், பிறகு தாளில் வரைவார்கள். கருவி மேசையில் பத்து நிமிடம், பென்சில் கையில் ஐம்பது நிமிடம். இதுதான் கணக்கு. செல்போனைப் பற்றிக் கவலைப்பட்ட சகோதரருக்கு எங்கள் பதிலும் இதுவே.

பெரியவர் வாரம் ஒரு நாள் வர இசைந்திருக்கிறார். இலவசமாக வருகிறேன் என்றுதான் சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம். இரவெல்லாம் கிடங்கில் விழித்திருந்து காலையில் நம் பிள்ளைகளுக்காக வருகிற மனிதரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அவருக்கு மாதம் ஒரு தொகை உண்டு. அந்தத் தொகையும் தாள், பென்சில் செலவும் பொது நன்கொடையிலிருந்து போகும். ஸக்காத் பணம் அதற்குரிய எட்டு வகையினருக்கு உரியது. அதிலிருந்து இந்த வகுப்புக்கு ஒரு அழிப்பான்கூட வாங்க மாட்டோம். கணக்கு வழக்கம்போல இதழின் கடைசிப் பக்கத்தில் வரும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், அவர்களோடு தாய்மார் ஒருவர் இருப்பார். வயது எட்டிலிருந்து பதினாறு வரை. ஜும்ஆ நாள் வேண்டாம் என்று இமாம் சொன்னதால் ஞாயிறு என்று வைத்திருக்கிறோம், மக்தப் முடிந்து ஒரு மணி நேரம். பெயர் கொடுக்க அலுவலகத்தில் அஸரிலிருந்து மக்ரிப் வரை ஆள் இருக்கும்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது பணமல்ல. பிள்ளை வீட்டுக்குத் தாளைக் கொண்டுவந்தால், அத்தாமார்கள் செல்போனை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அதைப் பாருங்கள். “நல்லா இருக்கு” என்று பார்க்காமலே சொல்வதற்குத்தான் அந்தக் கருவிக்குள்ளேயே ஒருவர் இருக்கிறாரே! வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்.

முதல் ஞாயிறு வருகிற பிள்ளைகள் ஹெச்பி பென்சில் ஒன்று, 4பி பென்சில் ஒன்று, வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பழம் கொண்டுவரவும். ஆப்பிள் வாங்க வேண்டாம், கொய்யாவோ எலுமிச்சையோ போதும். மாம்பழம் கொண்டுவருகிறவர்கள் வரைந்து முடிக்கும் வரை அதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.